வீடு யாருடையது?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை மனதில் வைத்துக்கொண்டு கல்யாண நாவல்களைப் படித்த ஒரு சாதாரண வாசகியின் தீர்ப்புகள்

சனி, ஞாயிறு வந்துவிட்டால் கேமரன் மலையின் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தில் கல்யாண ஜோடிகளுக்குக் குறைவே இருக்காது. முகூர்த்தத்துக்கு முன்பே ஆல்பத்துக்குப் படம் எடுக்க ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிறார்கள். பெண் பட்டுச்சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே நிற்பாள். மாப்பிள்ளைக்குக் குளிரும், ஆனாலும் சிரித்தாக வேண்டும். படக்காரருக்குத் தேவை அடுக்கடுக்கான பச்சைச் சரிவும் அதன் மேல் கொஞ்சம் மஞ்சும்தான். தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்பு படத்துக்குள் விழுந்துவிடாமல் அவர் கோணத்தை மாற்றிக்கொள்வார்.

நாவலாசிரியர்கள் கோணத்தை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. கல்யாணத்தைப் பற்றி ஒரு நாவல் எழுத உட்கார்ந்தால் அந்த இருவரும் எங்கே படுப்பார்கள், எந்த அடுப்பில் சமைப்பார்கள், சண்டை வந்தால் யார் வெளியே போவார்கள் என்றெல்லாம் சொல்லித்தான் ஆகவேண்டும். சமீபமாகத் தேடித் தேடிக் கல்யாண நாவல்களைப் படித்ததில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று பார்ப்பதற்கு முன் அந்த வீடு யாருடையது என்று பார்க்கிறேன். பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடுகிறது.

நான் விமர்சகர் இல்லை. கோட்பாடுகளெல்லாம் தெரியாது. பிடித்தால் இரவு இரண்டு மணி வரை படிப்பேன், பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவிடுவேன். இந்தக் கட்டுரையில் இருப்பவை அப்படிப்பட்ட ஒரு வாசகியின் தீர்ப்புகள்தான்.

முதல் நாவலிலேயே தொடங்கிய சண்டை

இந்தக் கேள்வி ஒன்றும் என் கண்டுபிடிப்பில்லை. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ல் வந்தது. அதில் பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறது. இரு குடும்பங்களுக்கும் விருப்பம்தான். பிறகு எங்கே இடிக்கிறது? கல்யாணத்துக்குப் பிறகு அந்த இருவரும் யார் வீட்டில் இருப்பது என்பதில் இடிக்கிறது. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை தன் வீட்டோடு இருக்க வேண்டும் என்கிறார். பையனைப் பெற்றவர் ரோஷக்காரர். அடுத்த வேளைச் சோற்றுக்குக் கவலையில்லாத இரண்டு பெரிய மனிதர்கள் இதற்காக முறைத்துக்கொள்கிறார்கள். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான அந்தப் புத்தகத்தை உபதேசங்களைத் தாண்டிக்கொண்டு படித்தால் இன்றும் சிரிக்கலாம்.

மலாயாவில் எழுதப்பட்ட முதல் தமிழ் நாவலாக ஆய்வாளர்கள் குறிப்பிடுவது 1917ல் வந்த 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. எழுதியவர் வெங்கடரத்தினம். தலைப்பிலேயே காதல் இருக்கிறது. ஆனால் அன்றைய மலாயாவில் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்குக் காதலின் மாட்சியைக் காட்டிலும் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கட்டிக்கொள்ளப் பெண்களே போதவில்லை. 1931 கணக்கெடுப்பின்போதுகூட மலாயா இந்தியர்களில் 1000 ஆண்களுக்கு 500 பெண்கள் இல்லை.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்கள் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். 1885ல் இந்த மலையை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கு நிலைத்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929ல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933ல் பாரத் தேயிலை வந்தது. காடு வெட்டவும் கன்று நடவும் கொழுந்து பறிக்கவும் தமிழ்க் குடும்பங்கள் மலையேறின. தேயிலைக்குக் குடும்பமாக ஆள் தேவை. கொழுந்து பறிப்பதைப் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தால் தோட்டத்துக்கு இரண்டு பேர் உழைப்பு, கொடுக்க வேண்டியது ஒரே அறை. வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழர் கல்யாணத்தில் அக்கறை வந்தது இந்தக் கணக்கினால்தான்.

கருப்பனும் வள்ளியும்

தேயிலையையும் தாம்பத்தியத்தையும் ஒன்றாகப் பேசிய நாவல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவரும் பின்னர் தொழிற்சங்கம் கட்டியவருமான பி. எச். டேனியல் இதை 'ரெட் டீ' என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதினார். அது 1969ல் வெளியானது. இரா. முருகவேள் தமிழாக்கம் செய்த பிறகுதான் தமிழ் வாசகர்களிடம் பரவலாகப் போய்ச் சேர்ந்தது.

திருநெல்வேலிச் சீமையில் பஞ்சத்தில் வாடும் கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறுகிறார்கள். முன்பணம் கையில் வருகிறது. ஒரு வருஷம் உழைத்துச் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். முன்பணம் கடனாகிறது, கடன் கூலியைத் தின்கிறது, காய்ச்சல் ஆளைத் தின்கிறது. இதையெல்லாம் இந்த நாவலைப் பற்றி எழுதிய எல்லோருமே சொல்லிவிட்டார்கள். நான் அதில் படித்தது ஒரு கல்யாணக் கதையை. அவர்களுக்குக் கிடைக்கும் அறையில் இன்னொரு குடும்பமும் இருக்கலாம், மேஸ்திரி எந்த நேரமும் வாசலில் வந்து நிற்கலாம். பெண்ணின் மேல் துரைக்கோ மேஸ்திரிக்கோ கண் விழுந்துவிட்டால் தடுக்கக் கணவனுக்கு வலுவில்லை. அப்படி ஓர் இடத்தில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பிரியத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்? டேனியல் இலக்கிய நயம் பார்த்து எழுதுகிறவர் இல்லை. சில இடங்களில் அறிக்கை வாடை அடிக்கும். ஆனால் கருப்பனும் வள்ளியும் தனியாகப் பேசிக்கொள்ளும் இடங்களில் மட்டும் அவர் மருத்துவர் வேலையை மறந்துவிடுகிறார். அந்தப் பக்கங்களுக்காகவே இதைப் படிக்கலாம்.

இந்த நாவலை ஒட்டி பாலா 2013ல் 'பரதேசி' படத்தை எடுத்தார். படத்தில் ஜோடியைப் பிரித்துவிட்டார்கள். ராசா மலைக்குப் போகிறான், கர்ப்பிணியான அங்கம்மா ஊரில் இருக்கிறாள். கடைசியில் அவளும் குழந்தையோடு அதே தோட்டத்துக்கு வந்து சேர, ராசா கதறுகிறான். நாவலில் சேர்ந்திருப்பது ஆறுதலாக இருக்க, படத்தில் சேர்வதே தண்டனையாகிவிடுகிறது. கண்ணீருக்குப் படம், பொறுமைக்கு நாவல். என் ஓட்டு நாவலுக்கு.

அசாம் தேயிலையை வைத்து முல்க் ராஜ் ஆனந்த் 1937ல் எழுதிய 'டூ லீவ்ஸ் அண்ட் எ பட்' நாவலிலும் கங்கு குடும்பத்தோடுதான் தோட்டத்துக்கு வருகிறான். வந்த சில நாட்களிலேயே மனைவி இறந்துவிடுகிறாள். இலங்கை மலையகத்துக்குக் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' இருக்கிறது. லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மாமியார், மாமனார், கொழுந்தன் எல்லோரோடும் புதுப்பெண் படுத்தெழும் வாழ்க்கையை மலையக எழுத்தாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கதைகளிலெல்லாம் கூரை தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். கணவன் மனைவி சண்டைகூட அடுத்த அறைக்குக் கேட்காமல் நடக்க முடியாது.

குவாந்தானுக்கு வந்த பதினான்கு வயதுப் பெண்

கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது. அதே பகாங்கின் கிழக்குக் கரையில் குவாந்தான். ராணி மணிக்காவின் 'தி ரைஸ் மதர்' நாவலில் லட்சுமி இலங்கையிலிருந்து கல்யாணமாகி அங்கேதான் வருகிறாள். வயது பதினான்கு. மாப்பிள்ளை அவளைவிட இருபத்துச் சொச்சம் வயது மூத்தவர், மனைவியை இழந்தவர். மலாயாவில் பெரிய பணக்காரர் என்று சொல்லித்தான் பெண் கேட்கிறார்கள். வந்து பார்த்தால் கையில் மின்னிய தங்கக் கடிகாரமே இரவல். ஆள் சாதாரண குமாஸ்தா.

2002ல் வந்த இந்த நாவலுக்கு மறு ஆண்டு காமன்வெல்த் எழுத்தாளர் பரிசின் வட்டாரப் பரிசு கிடைத்தது. முதல் பாதி அபாரம். ஏமாற்றிக் கட்டிவைத்த கல்யாணத்தில் அந்தச் சிறுமி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. குடும்பத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்து, வரிசையாகப் பிள்ளைகள் பெற்று, கணவனைப் பார்வையாளராக்கிவிடுகிறாள். ஏமாந்தவள் ஆட்டிவைக்கிறவளாக மாறுவதை ஆசிரியர் கூசாமல் எழுதுகிறார். கணவர் கெட்டவர் இல்லை, மெதுவானவர், அவ்வளவுதான். அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க ஓர் அத்தியாயம் வருகிறது. அதைப் படித்த பிறகு லட்சுமிமேல் எனக்கிருந்த பரிவு பாதியாகக் குறைந்தது. அப்படிக் குறைய வைப்பதே நல்ல கல்யாண நாவலுக்கு அடையாளம் என்பேன். பின்பாதியில் பேரப்பிள்ளைகள் காலத்துக்கு வந்ததும் சூது, போதை, சாபம் என்று கதை தொலைக்காட்சித் தொடராகிவிடுகிறது. 200 பக்கம் குறைத்திருக்கலாம்.

மலையின் நாவலில் மலைத் தமிழர்

கேமரன் மலையை உலக வாசகர்களுக்குத் தெரியவைத்த நாவல், எழுத்தாளர் தான் துவான் எங் எழுதிய 'தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்'. 2012ல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. ஆசியாவுக்கான மேன் பரிசையும் வென்றது. 2019ல் படமாகவும் வந்தது. ஜப்பானியர் முகாமிலிருந்து உயிரோடு தப்பிய யுன் லிங், சக்கரவர்த்தியின் தோட்டக்காரராக இருந்த அரிடோமோவிடம் தொழில் கற்க வருகிறாள். ஜப்பானியரை வெறுத்தாக வேண்டியவள் ஒரு ஜப்பானியரை நேசிக்கிறாள். அது கல்யாணத்தில் முடியக்கூடிய கதையில்லை.

என்னைக் கவர்ந்தது பக்கத்துத் தோட்டத்து ஜோடி. மஜூபா தேயிலைத் தோட்டத்தின் முதலாளி மேக்னஸ் தென்னாப்பிரிக்காக்காரர், போயர் போரில் ஆங்கிலேயரிடம் தோற்றவர். அவருடைய மனைவி எமிலி சீனப் பெண். வெள்ளைக்காரத் துரைமார் உள்ளூர்ப் பெண்ணைச் சபையில் மனைவி என்று அறிமுகப்படுத்தத் தயங்கிய காலத்தில் இவர்கள் முறையாகக் கல்யாணம் செய்துகொண்டு ஒரே மேசையில் விருந்தினரை உபசரிக்கிறார்கள். சொந்தத் தோட்டம், சொந்த பங்களா, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தைரியத்துக்கு அடியில் இருப்பது நிலப் பட்டா. நாவல் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அந்த பங்களாவைச் சுற்றி வேலை செய்யும் தமிழர்கள் நாவலில் வருகிறார்கள், போகிறார்கள். காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நிற்பார்கள், கூடையோடு சரிவில் தெரிவார்கள். அவர்களில் யார் யாருக்குக் கணவன், யார் யாருக்கு மனைவி என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. ஆசிரியரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் எழுத வந்தது நினைவையும் மறதியையும் பற்றி. உவமைகள் சற்றே கூடுதல் என்றாலும் அழகான நாவல். ஆனால் அந்தக் கூடைக்காரர்களின் கதையை எழுத வேண்டிய பொறுப்பு யாருக்கோ இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

இதே ஆசிரியரின் 2023 நாவல் 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' நேரடியாகவே கல்யாணத்தைப் பற்றியது. 1921ல் பினாங்கில் ராபர்ட், லெஸ்லி தம்பதியின் வீட்டுக்கு எழுத்தாளர் சாமர்செட் மாம் விருந்தாளியாக வருகிறார். வெளியே கௌரவம், உள்ளே ஆளுக்கொரு ரகசியம். கணவன் மனைவி இருவருமே ரகசியத்தைக் காப்பாற்றியே கல்யாணத்தைக் காப்பாற்றுகிறார்கள். பெரிய வீடு, நிறைய கதவுகள், சாத்திக்கொள்ள வசதி. லயத்து அறையில் இருந்த கதவு ஒன்றுதானே!

ஈப்போவின் பெரிய வீடு, பினாங்கின் வட்டிக்கடை

கேமரன் மலையிலிருந்து இறங்கினால் ஈப்போ. பிரீத்தா சமரசனின் 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே' (2008) அங்கே நடக்கிறது. தலைப்பைக் குறுந்தொகைப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வக்கீல் ராஜு பக்கத்து வீட்டுச் சாதாரணக் குடும்பத்துப் பெண் வசந்தியைக் கட்டிக்கொள்கிறார். காதல் என்பதைவிட அவளை உயர்த்திவிடுகிறோம் என்ற பெருமிதம்தான் அதில் அதிகம். அவளுக்கோ மாமியார் ஆட்சி செய்யும் பெரிய வீட்டில் ஒரு நாற்காலிகூடத் தன்னுடையதில்லை. சில ஆண்டுகளில் ராஜுவுக்கு வெளியே ஒரு சீனப் பெண்ணோடு இன்னொரு குடும்பம். வசந்தி தன் கசப்பையெல்லாம் வேலைக்காரப் பெண் செல்லத்தின் மேல் கொட்டுகிறாள். தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த ஏழைப் பெண் அந்தக் கல்யாணத்தின் தோல்விக்கு விலை கொடுக்கிறாள். கதை பின்னோக்கி நகர்வதால் முதல் ஐம்பது பக்கங்கள் பொறுமை வேண்டும். அதைத் தாண்டினால் மலேசியத் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் கல்யாணத்தை இவ்வளவு இரக்கமில்லாமல் எழுதிய நாவல் வேறில்லை என்று தோன்றும்.

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' 1959ல் நூலாக வந்தது. எல்லோரும் 'புயலிலே ஒரு தோணி'யைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு இதுதான் நெருக்கம். பினாங்கில் வட்டிக்கடை முதலாளி வானாயீனா. அவர் கடையில் வேலை பார்த்த செல்லையாவுக்கும் முதலாளி மகள் மரகதத்துக்கும் காதல். செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்புகிறான். துப்பாக்கி பிடித்தவன் இனிக் கணக்குப்புத்தகம் பிடிக்க மாட்டான் என்று முதலாளிக்குப் பயம். மகளை நாகலிங்கத்துக்குத் தர முடிவு செய்கிறார். வில்லத்தனம் எதுவும் இல்லை. தொழில் தெரிந்த மனிதர், தொழிலுக்கு ஏற்ற மாப்பிள்ளையைப் பார்க்கிறார். கடையும் வீடும் ஒன்றாக இருக்கும் இடத்தில் மருமகனைத் தேர்ந்தெடுப்பதும் ஆள் எடுப்பதும் ஒன்றுதான். கல்யாணம் நடக்காமலே கல்யாணத்தைப் பற்றி இவ்வளவு சொல்ல முடியும் என்பதற்காக இதை நான் இரண்டு முறை படித்தேன்.

தமிழ்நாட்டிலும் கூரைதான் சிக்கல்

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) எதற்காகப் பேர் பெற்றது என்பது ஊரறிந்த கதை. நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 தொடக்கத்தில் எழுத்தைவிட்டே விலகுவதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நூலுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. சர்ச்சையை ஓரம் வைத்துவிட்டுப் படியுங்கள். காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள், குழந்தை இல்லை. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குத் தீராத ஆசை. தமிழ் நாவல்களில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் இவ்வளவு விரும்புவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அந்த ஆசை போதாது என்கிறது ஊர். காடும் தோட்டமும் இருக்கிறதே, அதற்கு வாரிசு எங்கே என்கிறது. சொந்த நிலம் இருப்பதும் தாம்பத்தியத்துக்கு ஆபத்தாகலாம் என்று எனக்குக் காட்டிய நாவல் இது.

அவருடைய 'பூக்குழி' (2013) இன்னும் சின்னது, இன்னும் கொடூரமானது. சோடாக் கடையில் வேலை செய்யும் குமரேசன் வேற்றுச் சாதிப் பெண் சரோஜாவைக் கட்டிக்கொண்டு பாறைமேல் இருக்கும் தன் குடிசைக்கு அழைத்து வருகிறான். வரவேற்கத் தாய் மாராயி வாசலில் நிற்கிறாள். பிறகு நடப்பதைச் சொல்ல மாட்டேன். இதன் ஆங்கிலப் பதிப்பு 2023ல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ஒரே மூச்சில் படித்தேன். மறுபடி படிக்கத் தைரியம் வரவில்லை.

இமையத்தின் 'செல்லாத பணம்' 2020ம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தலைமையாசிரியரின் மகள் ரேவதி, பொறியியல் படித்தவள், பர்மா அகதிக் குடும்பத்து ஆட்டோ ஓட்டுநர் ரவியைப் பிடிவாதமாகக் கட்டிக்கொள்கிறாள். அப்பா வீட்டுக் கதவு மூடிவிடுகிறது. கடைசியில் அவள் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கும்போது அப்பாவிடம் பணம் இருக்கிறது, அது எதையும் வாங்கித் தரவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கங்கள் நீளம் என்று சிலர் சொல்வார்கள். அந்த நீளத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். காத்திருக்கும் உறவினர்களுக்கு நேரம் அப்படித்தான் நகரும். அந்தப் பெண் திரும்பி வர ஒரு வீடு திறந்திருந்தால் இந்த நாவலே இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' நாவலில் நாடக நடிகை கல்யாணிக்குச் சொந்தச் சம்பாத்தியமும் சொந்த வீடும் இருக்கின்றன. ரங்காதான் அவள் வீட்டுக்கு வருகிறான். மனக்கசப்பு வரும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறவனும் அவனே. கல்யாணி கத்துவதில்லை, கெஞ்சுவதில்லை. உனக்கு எது நிம்மதியோ அதைச் செய் என்ற தோரணையில் இருக்கிறாள். அரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட அந்தப் பெண்ணின் நிதானம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அவள் காலடித் தரை அவளுடையது என்பதும் ஒரு காரணமாகத் தெரிகிறது. பேச்சு கொஞ்சம் அதிகம்தான். ஜெயகாந்தன் என்றால் அப்படித்தான்.

தாலி, பதிவு, வேலை அட்டை

நாவலை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம். கேமரன் மலையிலும் மற்ற மலாயாத் தோட்டங்களிலும் நடந்த தமிழர் கல்யாணங்களைச் சட்டங்கள் எப்படியெல்லாம் தொட்டன என்று பார்த்தால் எழுதப்படாத நாவல்கள் வரிசையாக நிற்கின்றன.

கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் சேர்த்ததால் தோட்டத்துக்குள்ளேயே முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் கிடைக்க வாய்ப்பிருந்தது. 1938ல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. ஊரிலிருந்து ஆள் வரும் வழி அடைபட்டது. பிறகு ஜப்பானியர் ஆட்சி, தோட்டத் தொழிலாளர்களைக் கொண்டுபோய் அவர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதை. ஆண்களை வாரிக்கொண்டு போன அந்த ரயில் பாதை எத்தனை தோட்டங்களில் எத்தனை பெண்களைக் கைம்பெண்ணாக்கியது! ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை போன ஆண்களின் கதையைச் சொல்லின. காத்திருந்த மனைவிமாருக்கும் அதே அளவுக்குப் பெரிய கதை உண்டு.

1968ம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததும் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. கிடைக்காத ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். ஒரே வீட்டில் ஒருவருக்குக் குடியுரிமை, ஒருவருக்கு இல்லை என்றால் அந்தக் கல்யாணத்தின் கதி என்ன? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1964ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இதைவிடப் பெரிய அளவில் இதையே செய்தது. ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் பங்கிட்டுக்கொண்டன.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வைத்த சட்டம் 1976ல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1ம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பது இந்துக்களுக்கும் சட்டமானது அப்போதுதான். அதற்கு முன் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் கட்டிய தாலியும் பார்த்த சாட்சிகளும்தான் ஆதாரம். இரண்டாம் தாரம் கட்டியவனை ஊர் ஏசலாம், கோர்ட்டுக்கு இழுக்க வழியில்லை. 1982க்கு முன்னும் பின்னுமாக ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறைப் பெண்களை வைத்து ஒரு நாவல் எழுதினால் எப்படி இருக்கும்!

வீட்டு விஷயத்துக்கு வருவோம். முதலாளி கொடுக்கும் தொழிலாளர் குடியிருப்பு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று 1990ல் ஒரு சட்டம் வந்தது. தண்ணீர், மின்சாரம், ஆயாக் கொட்டகை என்று வசதிகளை அது பேசுகிறது. குடியிருப்பு வேலையோடு ஒட்டியது என்பது மட்டும் மாறவில்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அந்த அறைக்குள் வாழ்ந்த கல்யாணத்துக்கு எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் சரி.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படித்து, மலையிறங்கி, ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சொந்த வீட்டுக்குத் தவணை கட்டுகிறார்கள். இன்று கேமரன் மலையின் தேயிலையைப் பறிப்பவர்களில் பெரும்பகுதியினர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய தற்காலிக வேலை அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்று, இங்கே இருக்கும் காலத்தில் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது. குடும்பத்தை அழைத்து வரவும் முடியாது. குடும்பமாக வா என்று கூப்பிட்ட தேயிலை மலை இன்று தனியாக வா, தனியாகப் போ என்கிறது. அந்தச் சரிவில்தான் வாரக்கடைசியில் மற்றவர்களின் கல்யாணப் படங்கள் எடுக்கப்படுகின்றன.

என் தீர்ப்பு

இவற்றில் மூன்றைத்தான் கையில் கொடுக்க முடியும் என்றால் 'எரியும் பனிக்காடு', 'மாதொருபாகன்', 'கடலுக்கு அப்பால்' என்று சொல்வேன். ஆங்கிலத்தில் ஒன்று என்றால் 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே'. புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் 'கடலுக்கு அப்பால்' நாவலில் ஆரம்பிக்கலாம். சின்னது, வேகமானது. கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள் 'பூக்குழி', 'செல்லாத பணம்' இரண்டையும் தள்ளிப்போடுங்கள். பெண்ணைப் பெற்றவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

காதல் ஜெயித்ததா என்று தேடித்தான் நாம் கல்யாண நாவல் படிக்கிறோம். நல்ல நாவலாசிரியர்கள் வாடகை, கடன், பட்டா, பதிவு, வேலை அனுமதி என்று நம் கண்முன் எடுத்து வைக்கிறார்கள். பிரியம் என்பது அவற்றுக்கு நடுவே பிழைக்க வேண்டிய ஒன்று என்று காட்டுகிறார்கள். அதைக் காட்டாத கல்யாண நாவல் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் பாதி நாவல்தான்.

கேமரன் மலைக்கு ஒரு ஜப்பானியத் தோட்டத்தின் நாவல் கிடைத்துவிட்டது. அதே மலையில் லயத்து அறையில் தாலி கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கூடை சுமந்து, பிள்ளைகளைக் கரையேற்றிய ஜோடிகளின் நாவல் நமக்கு வேண்டும். ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் பிறந்து இன்று வெளியூரில் இருப்பவர்களே, அப்பா அம்மா இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யார் பெண் பார்த்தார்கள், எந்தக் கோவிலில் கல்யாணம், முதல் அறை எப்படி இருந்தது, எப்போது காலி செய்யச் சொன்னார்கள் என்று கேளுங்கள். நாவலாக எழுத வராவிட்டால் நாலு பக்கக் குறிப்பாக எழுதி வையுங்கள், எழுதத் தெரிந்த யாராவது பின்னால் வருவார்கள். கேட்க வேண்டியவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.